நம்ம ஊர் மாரியோ ஏன் மெதுவாக ஓடினான்?

கொஞ்ச நாளைக்கு முன்னால் போனில் ஒரு எமுலேட்டரை இறக்கி, பழைய சூப்பர் மாரியோவைப் போட்டுப் பார்த்தேன். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். பின்னணி இசை வேறு யாரோ துரத்துவது போல அவசரமாக ஓடியது. "வயசாயிடுச்சுடா, வேற என்ன?" என்றான் நண்பன்.

வயது காரணமாக இருக்கலாம். ஆனால் இசைக்கு வயதாகாதே! அதனால் அளந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த விளையாட்டில் வலது பக்கம் மேலே 400-லிருந்து ஒவ்வொன்றாக இறங்கும் ஒரு எண் இருக்கும், ஞாபகம் இருக்கா? மாரியோவை ஒரு பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த எண் பூஜ்யத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். போனில் 160 விநாடி. பிறகு பரணில் கிடந்த பழைய கேம் பெட்டியை எடுத்து, பிக்சர் டியூப் வைத்த பழைய டிவியில் மாட்டி அதே சோதனையைச் செய்தேன். (இந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் நான்கு மாத வேலை இருக்கிறது, அது கீழே வரும்.) அதில் 192 விநாடி.

32 விநாடி வித்தியாசம். பெட்டி பழுதானதால் வந்ததில்லை இது. நம்ம ஊரில் மாரியோ எப்போதும் மெதுவாகத்தான் ஓடியிருக்கிறான். இது ஏன் என்று தேடப் போனதில், பழைய கருவிகளை மீட்டெடுப்பது பற்றி எனக்கிருந்த எண்ணமே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

50-ம் 60-ம்

கதை மின்சாரத்தில் தொடங்குகிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை திசை மாறித் துடிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 60, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. தொலைக்காட்சி வந்த காலத்தில், மின்சாரத்தின் துடிப்பும் படத்தின் துடிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் திரையில் பட்டை பட்டையாக நிழல் நகரும். அதனால் அந்தந்த ஊர் மின்சாரத்தை ஒட்டியே படத்தின் வேகத்தையும் வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் முறைக்குப் பெயர் என்டிஎஸ்சி. 525 வரிகள், விநாடிக்கு 60 முறை திரை வரையப்படும். ஜப்பானில் பாதி நாட்டுக்கு மின்சாரம் 50 துடிப்பு என்றாலும், டிவிக்கு அமெரிக்க முறையையே எடுத்துக்கொண்டார்கள். 1982-ல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது நாம் எடுத்துக்கொண்ட முறைக்குப் பெயர் பால் (ஆவினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 625 வரிகள், விநாடிக்கு 50 முறை.

இப்போது கேம் பெட்டிக்கு வருவோம். நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த அசல் பெட்டியைக் கையில் தொட்டவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. நமக்குத் தெரிந்தது அதன் நகல்கள்தான். 'சாமுராய்' மாதிரி பெயர் உள்ளவை சில, பெயரே இல்லாதவை பல. கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட், அதன் மேல் '9999999 இன் 1' என்று ஒரு பொய். உள்ளே இருப்பது ஏழெட்டு விளையாட்டுகள். மீதியெல்லாம் அவற்றையே நடுவிலிருந்து தொடங்க வைத்தவை.

ஐம்பது வரிக் காத்திருப்பு

ஜப்பான் ஃபேமிகாமில் படம் போடும் சிப் ஒவ்வொரு முறை திரையை வரையும்போதும் 262 வரி நேரம் எடுத்துக்கொள்ளும். அதில் 240 வரிகள் படம். படம் முடிந்து அடுத்த படம் தொடங்குமுன் இருக்கும் 20 வரி இடைவெளியில்தான் விளையாட்டின் நிரல் தன் வேலையை அவசரமாக முடிக்கும். மாரியோவை நகர்த்துவது, மணியைக் குறைப்பது, இசையின் அடுத்த சுரத்தை எடுப்பது எல்லாமே திரை ஒருமுறை வரையப்பட்டால் ஒருமுறை நடக்கும். அந்த 400 என்ற எண் 24 திரைகளுக்கு ஒன்று என்று குறையும். விநாடிக்கு 60 திரை என்றால் மொத்தம் 160 விநாடி.

இதே விளையாட்டை விநாடிக்கு 50 முறை வரையும் டிவியில் ஓட்ட வேண்டும். ஐரோப்பாவுக்கென்று நின்டெண்டோ தனிப் பெட்டி செய்தது. சிப்புகளின் வேகத்தை மாற்றியது, அதற்கேற்ப சூப்பர் மாரியோவின் நிரலிலும் வேகத்தைத் திருத்தியது. நகல் செய்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் ஜப்பானிய விளையாட்டுகளின் நகல்கள், அவை மாற்றம் எதுவும் செய்யாமல் ஓடியாக வேண்டும். தைவானின் யூஎம்சி மாதிரி நிறுவனங்கள் செய்த நகல் சிப்புகளில் இதற்கு ஒரு கெட்டிக்காரத் தீர்வு இருக்கிறது. 240 வரி படத்தை வரை. பிறகு கூடுதலாக 50 வரி நேரம் சும்மா இரு. அதன் பிறகு அந்த 20 வரி இடைவெளியை ஆரம்பி. 262 கூட்டல் 50, மொத்தம் 312. நம்ம டிவி எதிர்பார்க்கும் கணக்கு சரியாக வந்துவிட்டது. விளையாட்டின் நிரலுக்கோ எதுவும் மாறியதாகவே தெரியாது.

அந்த ஐம்பது வரிக் காத்திருப்புதான் நம்ம மாரியோ மெதுவாக ஓடியதற்குக் காரணம். விநாடிக்கு 50 திரை என்றால் 400 எண்களுக்கு 192 விநாடி. ஏறக்குறைய 17 சதவீதம் வேகக் குறைவு. ஆனால் சிப்பின் கடிகாரம் பெரிதாக மாறவில்லை, 1.79 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1.77. அதனால் இசையின் சுருதி கிட்டத்தட்ட அதேதான், தாளம் மட்டும் நிதானம். நாம் கேட்டு வளர்ந்தது அந்த நிதானமான இசையை. இந்த முறைக்கு இன்று எமுலேட்டர் எழுதுபவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெண்டி'. 1992-ல் ரஷ்யாவில் வந்து புகழ்பெற்ற ஒரு நகல் பெட்டியின் பெயர் அது. எமுலேட்டரின் அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முதல் பள்ளத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

டியூப் செய்த பாதி வேலை

வேகத்தை எமுலேட்டரில் சரிசெய்தபிறகும் ஒரு குறை இருந்தது. படம் நாம் பார்த்த மாதிரி இல்லை. கட்டம் கட்டமாக, குறுக்குத்தையல் போட்ட துணி மாதிரி இருந்தது. காரணம், படத்தின் பாதி வேலையைச் செய்தது டிவிதான்.

பிக்சர் டியூப்பின் கழுத்தில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சும் துப்பாக்கி இருக்கிறது. கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்கு யோக் என்று பெயர். அது காந்தத்தால் அந்தக் கற்றையை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர் அடிபட்ட இடத்தில் ஒளிரும், உடனே மங்கும். விநாடிக்குச் சுமார் 15,625 வரிகள். எந்தக் கணத்திலும் திரையில் முழுப் படம் என்று ஒன்று இருப்பதே இல்லை. நம் கண்தான் அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன.

முதலாவது, கறுப்புக் கோடுகள். டிவி நிகழ்ச்சிகளில் 625 வரிகளும் ஒரே மூச்சில் வராது. ஒரு தடவைக்கு 312-ம் ஒரு அரையும். அந்த அரை வரியினால்தான் அடுத்த தடவை வருபவை முதல் வரிகளின் இடைவெளியில் விழும். கேம் பெட்டி அந்த அரையை விட்டுவிட்டு முழுசாக 312 அனுப்பும். அதனால் ஒவ்வொரு தடவையும் வரிகள் அதே இடத்திலேயே விழும், இடைவெளிகள் கறுப்பாகவே இருக்கும். ஓவியர்கள் அந்தக் கறுப்பு இடைவெளியையும், கற்றையின் ஓரக் கசிவையும் பார்த்துக்கொண்டே வரைந்தார்கள். 16 புள்ளிகளில் வரைந்த முகம் முகமாகத் தெரிந்தது அதனால்தான்.

இரண்டாவது, நிறக் கலவை. மஞ்சள் முனை வைத்த ஒற்றைக் கம்பியில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகவே போகும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கொஞ்சம் ஒன்றில் ஒன்று கரையும். இதைக் குறையாக நினைக்காமல் கருவியாகப் பயன்படுத்தினவர்கள் உண்டு. 1991-ல் செகா மெகா டிரைவுக்கு வந்த சோனிக் விளையாட்டின் அருவி இதற்கு நல்ல உதாரணம். உண்மையில் அது ஒன்று விட்டு ஒன்றாகப் போட்ட செங்குத்துக் கோடுகள். எல்இடி திரையில் ஜன்னல் கம்பி மாதிரி தெரியும். பழைய டிவியில் கோடுகள் கரைந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராக மாறும்.

மூன்றாவது, துப்பாக்கி. 1984-ல் வந்த வாத்து சுடும் விளையாட்டு ஞாபகம் இருக்கும். துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எதுவுமே போவதில்லை. டிவியைப் பார்க்கும் ஒரு ஒளி உணரிதான் அதன் குழலுக்குள் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முதலில் கறுப்பையும் பிறகு வெள்ளையையும் பார்த்திருந்தால் குறி சரி. இரண்டு வாத்து இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எப்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று கண்டுபிடிக்கும். ட்யூப்லைட்டைக் காட்டி ஏமாற்றப் பார்த்திருப்போம், நடந்திருக்காது. விநாடிக்குப் பதினைந்தாயிரம் தடவை துடிக்கும் வெளிச்சத்தைத்தான் அது ஏற்கும்.

எல்இடி டிவியில் இது வேலை செய்யாததற்கு அந்தத் துடிப்பு இல்லாதது ஒரு காரணம், தாமதம் இன்னொரு காரணம். பழைய டிவிக்கு நினைவகம் கிடையாது. சிக்னல் வந்த அதே கணத்தில் வரியைப் போட்டுவிடும். புது டிவி வந்ததை வாங்கி வைத்து, பெரிதாக்கி, திருத்தி, அதன்பிறகுதான் காட்டும். ஒரு திரைக்கு 20 மில்லி விநாடிதான் என்கிற இடத்தில் இரண்டு மூன்று திரை தாமதம் என்றால் வெள்ளைக் கட்டம் வருவதற்குள் விளையாட்டு "தவறிவிட்டது" என்று முடிவு கட்டிவிடும். பள்ளம் தாண்டும்போது கை பிசகுவதற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணம்.

ஆக, நாம் விளையாட்டு என்று சொல்வது பெட்டிக்குள் மட்டும் இல்லை. பெட்டி, கம்பி, டியூப் மூன்றுக்கும் நடுவில் நடந்தது அது.

பெட்டியை எழுப்புவது

மீட்பு வேலையில் பெட்டிதான் சுலபமான பாதி. நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அடாப்டரை முதலில் சந்தேகப்படுங்கள். அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட், நடு முனை மைனஸ். இன்று வீட்டில் கிடக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடு முனை பிளஸ். நகல் பெட்டிகளிலோ ஒன்றுக்கொன்று வித்தியாசம். கையில் கிடைத்ததைச் செருகிப் பார்ப்பதுதான் இந்தப் பெட்டிகளுக்கு வரும் பெரிய ஆபத்து. மல்டிமீட்டரில் அளந்து, பெட்டியின் அடியில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டபிறகே மாட்டுங்கள்.

கேசட்டை ஊதாதீர்கள். ஊதினால் ஓடியது உண்மை, ஆனால் ஊதியதால் இல்லை. கழற்றி மறுபடி செருகும்போது முனைகள் புதிதாக உராய்ந்ததால். நம் மூச்சின் ஈரமோ 60 செம்பு முனைகளையும் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டே இருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் கறுப்பாக அழுக்கு வரும். வராமல் போகும்வரை துடையுங்கள். கேசட்டை விட, அது உட்காரும் ஸ்லாட்டுக்குத்தான் இந்தக் குளியல் அதிகம் தேவைப்படும்.

மூடியைத் திறந்து பாருங்கள். 40 கால் வைத்த இரண்டு பெரிய சிப்புகள் தனித்தனியாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். அது முந்தைய தலைமுறை நகல், பாகம் பாகமாகச் சோதித்துச் சரிசெய்யலாம். பின்னால் வந்தவற்றில் எல்லாமே ஒரே சிப்பாகி, அதன்மேல் கறுப்பு எபாக்ஸியைச் சொட்டு வைத்து மூடியிருப்பார்கள். அந்தச் சொட்டுக்கு அடியில் பழுது என்றால் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் கிழவனாகியிருக்கும். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்தால் படத்தில் பட்டை ஓடும், சத்தத்தில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்கும் வகையாக வாங்கி மாற்றலாம். பிளஸ் மைனஸ் திசை முக்கியம். என் பெட்டியில் நான்கு கண்டென்சர்களை மாற்றியதும், ஒயரின் ஒரு முறிந்த முனையைப் பற்றவைத்ததும்தான் மொத்த வைத்தியம்.

வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போயிருப்பதைப் பலர் பெரிய குறையாகப் பார்க்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை 2008 வாக்கில் சேகரிப்பாளர்களிடையே பரவியது. வெளுக்கும். ஆனால் மறுபடி மஞ்சளாகலாம், திட்டுத்திட்டாகவும் ஆகலாம். நான் செய்யவில்லை. அந்த மஞ்சளும் அதன் வயதுதான் என்று விட்டுவிட்டேன்.

டிவியைத் திறக்கும் முன்

டிவி வேறு சமாச்சாரம். தயவுசெய்து இந்தப் பகுதியைப் படித்துவிட்டு யாரும் மூடியைக் கழற்ற வேண்டாம்.

டியூப்பின் மேலே ரப்பர் மூடி போட்டு ஒரு தடித்த ஒயர் போகும். வண்ண டிவி என்றால் அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். அதை உண்டாக்குவதைத்தான் மெக்கானிக்குகள் ஈ.எச்.டி. என்பார்கள். டியூப்பின் கண்ணாடியே ஒரு பெரிய கண்டென்சர் மாதிரி மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி நாள்கள் ஆனபிறகும் உதைக்கலாம். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தனியாக இருக்கும். போதாததற்கு டியூப்புக்குள் வெற்றிடம், கழுத்துப் பக்கக் கண்ணாடியோ மெல்லியது.

அதனால் நான் செய்தது, தெரிந்தவரைத் தேடிப் போனது. ஒரு பக்கம் செல்போன் டிஸ்ப்ளே, மறுபக்கம் எல்இடி டிவி பேக்லைட் என்று கடையே மாறியிருந்தது. என் 14 இஞ்ச் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. திரையின் நடுவில் ஒற்றை வெள்ளைக்கோடு மட்டும் தெரிந்தது.

"வெர்டிக்கல் போயிருக்கு தம்பி. ஐசியா இருக்கும், இல்லன்னா ட்ரை சால்டர்."

பின்மூடியைக் கழற்றி, ஈ.எச்.டி.யை முறைப்படி டிஸ்சார்ஜ் பண்ணி, போர்டைத் திருப்பி லென்ஸ் இல்லாமலேயே இடத்தைக் காட்டினார். ஐசி கால்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையம். சூடாகிச் சூடாகி ஆறியதில் விட்டுப்போன பற்று. மூன்று கால்களுக்குப் புது ஈயம் வைத்ததும் கோடு விரிந்து படமானது. இருபது நிமிஷம்.

"டியூப்பு நல்லா இருக்கு. கன் வீக் ஆகல. பத்திரமா வச்சுக்கோங்க" என்றார்.

"பழைய பார்ட்ஸ் ஏதாவது இருக்காண்ணே, எடுத்து வச்சுக்கலாம்?"

"போன வருஷம்தான் தம்பி எல்லாத்தையும் எடைக்குப் போட்டேன். ஈ.எச்.டி.யே ஒரு மூட்டை இருந்துச்சு. எவன் கேக்கப்போறான்னு நெனச்சேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த மூட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி செய்ய முடியாத பொருள்

கண்டென்சரை இன்றும் வாங்கலாம். சிப்புகளை எஃப்பிஜிஏவில் அப்படியே மறுபடி கட்டுகிறார்கள், மிஸ்டர் என்ற திட்டம் அதற்கென்றே இருக்கிறது. டியூப்பை அப்படிச் செய்ய முடியாது. அதற்குக் கண்ணாடி உலை வேண்டும், பாஸ்பர் பூசும் வரிசை வேண்டும், வெற்றிடம் உறிஞ்சும் அடுப்பு வேண்டும். 1968-ல் டிரினிட்ரானைக் கொண்டுவந்த சோனி 2008-ல் அதை நிறுத்திக்கொண்டது. பழைய டியூப்பின் கழுத்தை வெட்டிப் புதுத் துப்பாக்கி வைத்துத் தரும் கடைசி அமெரிக்கப் பட்டறை, அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் இருந்த ஹாக்-ஐ, 2010-ல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்களை ஒஹையோவில் இருக்கும் ஆரம்பகாலத் தொலைக்காட்சி அருங்காட்சியகம் எடுத்துப் பாதுகாத்திருக்கிறது.

அதனால்தான் சேகரிப்பாளர்கள் இப்போது டியூப்புகளைத் துரத்துகிறார்கள். டிவி நிலையங்களும் மருத்துவமனைகளும் கழித்துக்கட்டிய சோனி பிவிஎம் மானிட்டர்களுக்குப் போட்டி நடக்கிறது. 1989-ல் சோனி 43 இஞ்ச் டியூப் டிவி ஒன்றை விற்றது. அமெரிக்காவில் விலை 40,000 டாலர், எடை சுமார் 200 கிலோ. அப்படி ஒன்று ஜப்பானின் ஒசாகாவில் ஒரு சோபா நூடுல்ஸ் கடையின் மாடியில் இருப்பது தெரிந்து, கட்டடம் இடிபடுவதற்கு முன் சிலர் அதை இறக்கிக் கப்பலில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2024 கடைசியில் அந்தக் கதை வீடியோவாக வெளிவந்தது.

நம்மிடம் அப்படி 43 இஞ்ச் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேலான 14 இஞ்ச் டியூப் டிவிகள் வீடுகளுக்குப் போயின. உலகம் டியூப்பைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஒரு மாநிலம் முழுக்க அது புதிதாக நுழைந்தது. பழைய கேம் விளையாட இதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. சின்னது, எளிய சர்க்யூட், நினைவகம் இல்லாத நேரடி டியூப். (பின்னால் வந்த 100 ஹெர்ட்ஸ் டிஜிட்டல் டியூப் டிவிகள் வேண்டாம். அவையும் படத்தை வாங்கி வைத்துத்தான் காட்டும்.)

இப்போது அவை காயலான் கடைகளில் இருக்கின்றன, அல்லது அதையும் தாண்டிவிட்டன. யோக்கில் இருக்கும் செம்புக்காகக் கழுத்தை உடைக்கிறார்கள். டியூப்பின் பின்பக்கக் கண்ணாடியில் கணிசமான ஈயம் உண்டு, முன்பக்கம் பாஸ்பர் தூள். உடைக்கிறவர் அதைச் சுவாசிக்கிறார், கண்ணாடி குப்பைமேட்டில் மண்ணோடு கலக்கிறது. கொஞ்சம் செம்புக்காக, இனி யாரும் செய்யப்போவதில்லை என்கிற ஒரு பொருளும் போகிறது, ஒருவரின் உடம்பும் கெடுகிறது.

எதை மீட்கிறோம்?

எல்லா டியூப்பும் ஒருநாள் மங்கத்தான் போகிறது. துப்பாக்கி தேயும், பாஸ்பர் களைக்கும். அதனால் மாற்றுவழிகளை நான் குறைசொல்ல மாட்டேன். ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் மாதிரி கருவிகள் பழைய சிக்னலைத் தாமதம் அதிகமில்லாமல் புது டிவிக்குத் தருகின்றன. சந்தையில் கிடைக்கும் மலிவான ஏவி-எச்டிஎம்ஐ பெட்டிகள் பலதும் அந்த அரை வரிக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு படத்தைக் குழப்பும், அவற்றை நம்ப வேண்டாம். டியூப்பின் கறுப்புக் கோட்டையும் கசிவையும் கணக்கிட்டு வரையும் மென்பொருள்களும் நன்றாகவே வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சரிபார்க்க எங்கேயாவது ஓர் உண்மையான டியூப் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லை என்றால், சரியாக இருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

நான் தொடங்கும்போது 'அசல்' என்றால் ஜப்பான் பெட்டி என்று நினைத்திருந்தேன். உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அதைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள், அது எங்கேயும் போய்விடாது. 192 விநாடி மாரியோவை யாரும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. பெயரில்லாத பெட்டி, பொய் எண் போட்ட கேசட், 50 வரிக் காத்திருப்பு, 14 இஞ்ச் திரை. இந்தச் சேர்க்கையை 'போலி' என்று தூக்கிப்போட்டுவிட்டால், நாம் விளையாடியது என்ன என்பதற்கு ஆதாரமே இருக்காது. நினைவு மட்டும் இருக்கும், அதையும் "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் இப்போது மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறேன். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் தொடுமுன் போர்டைப் படமெடுத்து, சிப் எண்களை எழுதி வைக்கிறேன். கழற்றிய பாகங்களைத் தேதி போட்டுக் கவரில் வைக்கிறேன். மாதம் ஒருமுறை அந்த மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போய், எந்த அறிகுறிக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை பதினொரு பக்கம் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு டிவி இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிளக்கைச் செருகிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் பயப்படாதீர்கள், மூன்று கால்களுக்கு ஈயம் வைத்தால் போதுமானதாக இருக்கலாம். பக்கத்துத் தெருவில் அதைச் செய்யத் தெரிந்தவர் இன்னும் இருந்தால், அவரிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.